வார்டில் வேலையைப் பிரிப்பதா, நோயாளிகளைப் பிரிப்பதா?

பெங்களூரில் புதிதாக வார்டு இன்சார்ஜ் பொறுப்பு ஏற்றிருக்கும் தமிழ் சிஸ்டர்களுக்காக இதை எழுதுகிறேன். கிருஷ்ணகிரி, தர்மபுரி, சேலம், வேலூர்ப் பக்கத்திலிருந்து வந்து இங்கே வேலைக்குச் சேர்ந்தவர்கள் நம்மில் நிறையப் பேர். கூட இருந்த சீனியர்கள் வளைகுடாவுக்கோ ஜெர்மனிக்கோ போய்விட, நாலைந்து வருடத்திலேயே இன்சார்ஜ் பொறுப்பு நம் தலையில் வந்து விழுகிறது. வந்த முதல் நாளே ஒரு முடிவு எடுத்தாக வேண்டும். 30 படுக்கை, காலை ஷிஃப்டில் 5 பேர். இவர்களுக்கு வேலையைப் பிரித்துக் கொடுப்பதா, நோயாளிகளைப் பிரித்துக் கொடுப்பதா, இரண்டு டீமாக நிறுத்துவதா? பெரும்பாலும் முன்னால் இருந்தவர் என்ன செய்தாரோ அதையே நாமும் தொடர்கிறோம். அப்படி யோசிக்காமல் விடக்கூடிய விஷயம் இல்லை இது.

நர்சிங் படித்த யாருக்கும் ஐந்து படிகள் மனப்பாடம்: நோயாளியைப் பார்த்துத் தகவல் சேர்ப்பது, பிரச்சினை என்ன என்று நர்சாக ஒரு முடிவுக்கு வருவது, திட்டம் போடுவது, அதைச் செய்வது, செய்தது பலன் தந்ததா என்று மதிப்பிடுவது. முதல் மூன்றும் அட்மிஷன் ஃபாரத்திலும் கேர் பிளான் தாளிலும் எப்படியாவது எழுதப்பட்டுவிடும், ஏனென்றால் ஆடிட் வந்தால் அதைத்தான் கேட்பார்கள். நாலாவது, டாக்டர் ஆர்டர் இருப்பதால் நடந்தே தீரும். ஐந்தாவதை யாரும் தனியாகக் கேட்பதில்லை, அதனால் பரபரப்பான வார்டில் முதலில் விட்டுப்போவது அதுதான். அமெரிக்க நர்சிங் கோட்பாட்டாளர் ஐடா ஜீன் ஒர்லாண்டோ 1961-லேயே இதைச் சொல்லிவிட்டார்: நர்ஸ் ஒரு காரியத்தைச் செய்துவிட்டு, அது நோயாளிக்கு உதவியதா என்று அவரிடமே போய்த் தெரிந்துகொண்டால்தான் அது யோசித்துச் செய்த காரியம், இல்லையென்றால் பழக்கத்தில் செய்தது. ஆகவே எந்த முறை நல்லது என்று ஒப்பிடும்போது நான் ஒரே ஒரு கேள்வியைத்தான் கேட்பேன். செய்தவர் திரும்பிப் போய்ப் பார்க்கும்படி எந்த முறை வைக்கிறது?

திரும்பிப் பார்ப்பது என்றால் பொத்தாம்பொதுவாகச் சொல்லவில்லை, ஒவ்வொன்றுக்கும் ஒரு நேரம் இருக்கிறது. நரம்பில் வலி ஊசி போட்டால் 15 முதல் 30 நிமிடத்தில் வலி அளவைத் திரும்பக் கேட்க வேண்டும், மாத்திரை என்றால் ஒரு மணி நேரத்தில். சர்க்கரை 70-க்குக் கீழே போய் 15 கிராம் குளுக்கோஸ் கொடுத்தால் 15 நிமிடத்தில் மறுபடி விரலில் குத்திப் பார்க்க வேண்டும். ரத்தம் ஏற்றினால் முதல் 15 நிமிடம் பக்கத்திலேயே நின்று வைட்டல்ஸ் (நாடித்துடிப்பு, ரத்த அழுத்தம், மூச்சு, காய்ச்சல்) எடுக்க வேண்டும். நெபுலைசேஷன் முடிந்ததும் ஆக்சிஜன் அளவும் மூச்சு எண்ணிக்கையும் முன்பு எவ்வளவு, இப்போது எவ்வளவு. சிறுநீரை அதிகமாக்கும் லேசிக்ஸ் போட்டால் சிறுநீர் எவ்வளவு போனது. இந்த இரண்டாவது எண் சார்ட்டில் இல்லை என்றால் பராமரிப்பு பாதியில் நிற்கிறது என்று அர்த்தம். டாக்டர் ரவுண்ட்ஸ் வரும்போது 'ஊசிக்குக் கேட்டதா?' என்று கேட்டால் எல்லோரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கிற நிலைமையும் அங்கேதான் தொடங்குகிறது.

முதலில், வேலையைப் பிரிக்கும் முறை. ஒருவர் மெடிசின், ஒருவர் வைட்டல்ஸ், ஒருவர் டிரஸ்ஸிங்கும் சாம்பிளும், ஒருவர் அட்மிஷன் டிஸ்சார்ஜ், ஒருவர் ரவுண்ட்ஸ். ஃபங்ஷனல் நர்சிங் என்று பாடத்தில் படித்தது. இரண்டாம் உலகப் போர்க் காலத்து நர்ஸ் பற்றாக்குறையில் வேரூன்றிய முறை இது. ஆள் இல்லாத இடத்தில் இன்றும் கைகொடுக்கிறது, அதை மறுக்கவே முடியாது. வேகமாக முடியும். புதிதாக வந்த பெண் வைட்டல்ஸ் மட்டும் எடுத்தால் பத்து நாளில் கை பழகிவிடும். மருந்து டிராலி ஒரே ஆளிடம் இருப்பதால் எது தீர்ந்தது, எது வரவில்லை என்பது அவருக்கு அத்துப்படி.

ஆனால் ஒரு நோயாளியை எடுத்துக்கொண்டு அவருக்கு ஒரு காலைப்பொழுது எப்படிப் போகிறது என்று பாருங்கள். 62 வயது ஐயா, ஸ்ட்ரோக், வலது கையும் காலும் வரவில்லை, சர்க்கரை உண்டு, மூக்கு வழியாக உணவு கொடுக்கும் ரைல்ஸ் ட்யூப், சிறுநீர் போக ஃபோலி கத்தீட்டர் குழாய் போட்டு ஆறாவது நாள். எட்டரைக்கு வைட்டல்ஸ் சிஸ்டர் காய்ச்சல் 101 என்று எழுதுகிறார், மெடிசின் சிஸ்டரிடம் சொல்கிறார், அவர் எஸ்ஓஎஸ் (தேவைப்பட்டால் மட்டும் கொடுக்கும் மருந்து) ஆர்டரைப் பார்த்து ட்யூப் வழியாகப் பாராசிட்டமால் கொடுத்துக் கையெழுத்துப் போடுகிறார். அடுத்த வைட்டல்ஸ் 12 மணிக்கு, 100.4. காய்ச்சல் இறங்கித் திரும்ப ஏறியதா, இறங்கவே இல்லையா, யாருக்கும் தெரியாது. நடுவில் அட்டெண்டர் சிறுநீர் சேரும் யூரோபேக்கைக் காலி செய்கிறார், சிறுநீர் கலங்கலாக இருக்கிறது, ஆனால் சார்ட்டில் எழுதச் சொன்னது எத்தனை மில்லி என்பதை மட்டும்தான். ஆயாம்மா அவரைப் புரட்டிப் படுக்க வைக்கும்போது இடுப்புக்குக் கீழே சிவந்திருப்பதைப் பார்க்கிறார், 'படுத்தே இருந்தா இப்படித்தான் இருக்கும்' என்று பவுடர் போடுகிறார். எட்டு மணிக்கு இன்சுலின் போயாகிவிட்டது, ஆனால் பில்லிங் கவுண்டரில் நிற்கப் போன மகன் வரும்வரை ட்யூப் ஃபீடிங் யாரும் கொடுக்கவில்லை, 11 மணிக்கு ஐயாவுக்கு வியர்த்துக் கொட்டுகிறது, குத்திப் பார்த்தால் 58.

இதில் சோம்பேறித்தனமாக இருந்தவர் யாரும் இல்லை. ஒவ்வொருவரும் தன் வேலையை ஒழுங்காகவே செய்திருக்கிறார்கள். காய்ச்சல், கலங்கிய சிறுநீர், ஆறு நாள் கத்தீட்டர் இந்த மூன்றையும் ஒரே தலையில் வைத்து, சிறுநீரில் கிருமித் தொற்றோ என்று பார்க்க அந்த வார்டில் ஆள் இல்லை, அவ்வளவுதான். இன்சுலின் போட்டவருக்குச் சாப்பாடு போனதா என்று பார்க்கும் பொறுப்பு இல்லை, சாப்பாட்டைப் பார்ப்பவருக்கு இன்சுலின் எப்போது போனது என்று தெரியாது. எனக்கு இந்த முறை மேல் இருக்கும் பெரிய வருத்தமே இதுதான்: நல்ல நர்சுகளைக் கூட இது பலன் என்ன என்று பார்க்க விடாமல் வைத்துவிடுகிறது, நாலு வருடம் அப்படியே ஓடினால் பார்க்க வேண்டும் என்கிற எண்ணமே போய்விடுகிறது.

இரண்டாவது, நோயாளிகளைப் பிரிக்கும் முறை. பொது வார்டில் ஆறு படுக்கைக்கு ஒரு நர்ஸ், ஐசியுவில் வென்டிலேட்டரில் இருப்பவருக்கு ஒருவருக்கு ஒருவர், இது நம் நாட்டில் எல்லோரும் பேசும் கணக்கு. 30 படுக்கைக்கு 5 பேர் என்றால் சரியாக ஆறு ஆறு வருகிறது. அந்த ஆறு பேருக்கும் மருந்து, வைட்டல்ஸ், புரட்டுவது, டிரஸ்ஸிங், வீட்டுக்காரர்களிடம் பேசுவது எல்லாமே அந்த ஒரு சிஸ்டர். மேலே சொன்ன அதே ஐயா இவரிடம் இருந்தால், பாராசிட்டமால் கொடுத்த கையே ஒன்பதே முக்காலுக்கு நெற்றியைத் தொட்டுப் பார்க்கும், யூரோபேக் கலங்கியிருப்பது கண்ணில் படும், டாக்டரைக் கூப்பிட்டு 'கத்தீட்டர் இன்னும் தேவையா சார், யூரின் கல்ச்சர் அனுப்பலாமா?' என்று கேட்கும் தைரியமும் வரும், ஏனென்றால் முழுக் கதையும் இவருக்குத் தெரியும். ஃபீடிங் கையில் ரெடியாக இல்லாமல் இன்சுலினை எடுக்கவே மாட்டார்.

புரட்டும் வேலையை ஆயாம்மாவிடம் கொடுக்கலாம், தோலைப் பார்க்கும் வேலையைக் கொடுக்கக் கூடாது. இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும், ஏனென்றால் செய்வதும் மதிப்பிடுவதும் ஒரே நிமிடத்தில் நடக்கும் இடம் இது. ஐயாவை இடது பக்கம் சாய்த்து, பின்பக்கத் துணியை விலக்கி, வால் எலும்புக்கு மேலே சிவந்த இடத்தில் விரலை வைத்து அழுத்தி எடுக்கிறோம். அழுத்திய இடம் ஒரு நொடி வெளுத்து மறுபடி சிவந்தால் ரத்த ஓட்டம் இன்னும் இருக்கிறது, அந்தப் பக்கம் படுக்க விடாமல் வைத்தால் சரியாகும் வாய்ப்பு அதிகம். வெளுக்காமல் அப்படியே சிவப்பாக நின்றால் அது ஏற்கெனவே முதல் நிலைப் படுக்கைப் புண். நம்மவர்களின் கருத்த தோலில் சிவப்பே சரியாகத் தெரியாது, அதனால் சூட்டையும் கெட்டிப்பையும் புறங்கையால் தொட்டுப் பார்க்க வேண்டும், பக்கத்துத் தோலோடு ஒப்பிட்டு. வெளுக்கவில்லை என்றால் நேற்று எழுதிய '2 மணிக்கு ஒருமுறை புரட்டவும்' என்ற திட்டம் போதவில்லை, அல்லது இரவில் அது நடக்கவில்லை. இரண்டில் எது என்று கண்டுபிடித்துத் திட்டத்தை மாற்ற வேண்டும். ஏர் பெட் கேட்பதா, ஈரத்தை முதலில் சரிசெய்வதா, புரதம் போதவில்லை என்று டயட்டீஷியனைக் கூப்பிடுவதா. படுக்கைப் புண் வரும் ஆபத்தைக் கணக்கிடும் பிரேடன் ஸ்கோர் 6 முதல் 23 வரை, எண் குறையக் குறைய ஆபத்து, 18-ம் அதற்குக் கீழும் என்றால் கவனம் தேவை. அட்மிஷன் அன்று போட்ட 14-ஐயே பத்து நாளும் காப்பி பண்ணி எழுதும் வழக்கம் இந்த முறையில் தானாகவே குறையும், அந்தத் தோலை அவர் நேற்றும் பார்த்தவர் என்பதால்.

குறைகளும் சொல்லியாக வேண்டும். படுக்கை எண்ணை வைத்து 1 முதல் 6 ஒருவருக்கு, 7 முதல் 12 ஒருவருக்கு என்று கொடுத்தால் இந்த முறை இரண்டே நாளில் உட்கார்ந்துவிடும். ஆறில் நாலு பேர் படுத்த படுக்கை என்றால் அவர் முழு ஷிஃப்டும் ஓடிக்கொண்டே இருப்பார், பக்கத்தில் ஆறும் நடமாடும் நோயாளி வைத்திருப்பவர் பத்தரைக்கே வேலையை முடித்திருப்பார். எண்ணிக்கை ஏற்றத்தாழ்வாக இருந்தால் பரவாயில்லை, பாரம் சமமாக இருக்க வேண்டும்: கஷ்டமான நோயாளி இருவர் இருந்தால் மொத்தம் நாலு, இல்லையென்றால் எட்டு. அடுத்தது, அவர் ஒரு நோயாளியை சிடி ஸ்கேனுக்குக் கூட்டிப் போனால் மீதி ஐந்து பேருக்கு யார்? இதற்கு ஜோடி போட்டுவிட வேண்டும். ஜோடியில் ஒருவர் கீழே போகும்போது மற்றவரிடம் 'பத்து மணிக்கு 14-ஆம் படுக்கைக்கு வலி அளவு கேட்கணும்' என்று ஒரு வரி சொல்லிவிட்டுப் போக வேண்டும், சாவியை ஒப்படைப்பது மாதிரி. மூன்றாவது, டிஸ்சார்ஜும் இன்சூரன்ஸ் ஃபைலும். அதை நோயாளி பார்க்கும் சிஸ்டர் தலையில் கட்டினால் காலை 10 முதல் 1 வரை அவர் நர்சிங் ஸ்டேஷனை விட்டு எழுந்திருக்க மாட்டார். வார்டு செக்ரட்டரி இருந்தால் அவரிடம், இல்லையென்றால் இன்சார்ஜ் நாமே எடுத்துக்கொள்வது மேல்.

மூன்றாவது டீம் நர்சிங். 1950-களின் தொடக்கத்தில் அமெரிக்க நர்சிங் பேராசிரியர் எலினோர் லாம்பர்ட்சன் வகுத்த முறை. ஒரு சீனியர், கூட இரண்டு ஜூனியர், ஓர் ஆயாம்மா, பத்துப் பதினைந்து நோயாளிகள். புதிதாகச் சேர்ந்தவர்கள் அதிகமாக உள்ள வார்டுக்கு இதுதான் சரி என்பேன், கொஞ்சமும் தயங்காமல். ஆகஸ்ட், செப்டம்பர் மாதங்களில் ஒரே பேட்ச்சில் வந்த ஐந்து பெண்களை வைத்துக்கொண்டு ஆளுக்கு ஆறு நோயாளி என்று நிறுத்துவது அவர்களுக்கும் நியாயம் இல்லை, நோயாளிகளுக்கும் நியாயம் இல்லை. ஆனால் இந்த முறை முழுக்க முழுக்க லீடரைப் பொறுத்தது. ஷிஃப்ட் நடுவில் ஒரு தரம், ஐந்து நிமிடம் நின்றபடியே, 'யார் யாருக்கு என்ன செய்தோம், அது கேட்டதா' என்று பேசிக்கொள்ளும் டீமில் மதிப்பீடு நடக்கிறது. அந்த ஐந்து நிமிடம் இல்லாத டீம் இரண்டே வாரத்தில் 'நீ வைட்டல்ஸ் எடு, நான் ஊசி போடறேன்' என்று முதல் முறைக்கே திரும்பிவிடும், பெயர் மட்டும் டீம் என்று இருக்கும்.

பிரைமரி நர்சிங் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன். 1969-ல் மின்னசோட்டா பல்கலைக்கழக மருத்துவமனையில் மேரி மாந்தியும் சகாக்களும் தொடங்கியது. அட்மிஷன் முதல் டிஸ்சார்ஜ் வரை ஒரு நோயாளிக்கு ஒரு நர்ஸ் 24 மணி நேரப் பொறுப்பு, அவர் இல்லாத ஷிஃப்டில் மற்றவர்கள் அவர் போட்ட திட்டத்தைத் தொடர்வார்கள். மதிப்பீட்டுக்கு இதைவிட நல்ல முறை கிடையாது. ஆனால் வருடத்துக்கு ஒரு முறை பாதி ஸ்டாஃப் மாறும், மாதத்துக்கு ஒரு முறை வார்டு மாற்றும் நம் ஊர் தனியார் மருத்துவமனைகளில் இதை முழுசாகச் செய்ய முடியாது. இதிலிருந்து ஒன்றே ஒன்றை எடுத்துக்கொள்ளலாம்: அதே சிஸ்டருக்கு அதே நோயாளிகளை மூன்று நாளாவது தொடர்ந்து கொடுப்பது.

பெங்களூருக்கே உரிய ஒரு விஷயமும் இருக்கிறது. ஒரே வார்டில் கன்னடம், தமிழ், தெலுங்கு, உருது, இந்தி என்று ஐந்து மொழி நோயாளிகள், நர்சுகளில் மலையாளிகள், நம்மவர்கள், வடகிழக்குப் பெண்கள், கன்னடப் பெண்கள். ஊசி போட மொழி தேவையில்லை, சைகையே போதும். ஊசி வேலை செய்ததா என்று கேட்க மொழி வேண்டும். 'ஐயா, இப்ப வலி பரவாயில்லையா?' என்று தமிழில் கேட்டால் ஓசூர்ப் பக்கத்திலிருந்து வந்த பெரியவர் 'வலி குறைஞ்சிருக்கு கண்ணு, ஆனா மூணு நாளா வெளிக்கே போகல, வயிறு கல்லு மாதிரி இருக்கு' என்று அடுத்த பிரச்சினையையும் தானே எடுத்துக் கொடுக்கிறார். மலச்சிக்கல் தரக்கூடிய வலி மருந்தான டிராமடால் போய்க்கொண்டிருக்கும் நோயாளியிடம் நாம் கட்டாயம் கேட்க வேண்டிய தகவல் அது. ஆகவே நோயாளிகளைப் பிரிக்கும்போது மொழியையும் பாருங்கள். எல்லோருக்கும் ஒத்துவராது, ஆனாலும் வாய் பேச முடியாதவருக்கும் வலி மருந்து அதிகம் போகிறவருக்குமாவது அவர் மொழி, அல்லது அவர் வீட்டுக்காரரின் மொழி தெரிந்த சிஸ்டரைக் கொடுத்துவிட முடியும். வேலையைப் பிரிக்கும் முறையில் இந்த வாய்ப்பே இல்லை.

இரவு ஷிஃப்ட் தனிக் கணக்கு. எட்டு முதல் எட்டு, 12 மணி நேரம், 30 பேருக்கு மூன்று பேர், சில நாள் இரண்டு. அப்போது நோயாளிகளைப் பிரித்தாலும் ஆளுக்குப் பத்துப் பதினைந்து வந்துவிடும், ஒருவர் ஓய்வுக்குப் போனால் இன்னும் கூடும். இரவில் அறைகளை வைத்து மூன்றாகப் பிரித்து, மருந்தை அவரவர் கொடுத்துவிட்டு, புரட்டுவதை மட்டும் இருவர் சேர்ந்து ஒரே சுற்றாக 10, 12, 2, 4 என்று போவது நடைமுறைக்கு வரும். டெங்கு காலத்தில் எக்ஸ்ட்ரா பெட் எல்லாம் போட்டு வார்டு வழியும்போது வேலையைப் பிரிக்கும் முறைக்குப் போக வேண்டிவந்தாலும் போங்கள், தப்பில்லை. அன்று மட்டும் ஒரு புதிய வேலையையும் சேர்த்துக் கொடுங்கள்: ஒருவருக்கு டிரஸ்ஸிங்குக்குப் பதிலாக 'மறுபார்வை'. எஸ்ஓஎஸ் மருந்து போன எல்லோரையும், காய்ச்சல் இருந்த எல்லோரையும், மருந்து ஏற்ற நரம்பில் கேனுலா குழாய் போட்ட கைகளையும் சுற்றிவந்து இரண்டாவது எண்ணை எழுதுவதே அவர் வேலை.

சார்ட் எழுதும் முறையும் இதோடு சேர்ந்த முடிவுதான். ஷிஃப்ட் முடிவில் ஒரு பத்தி எழுதும் பழைய முறையில் 'மருந்து கொடுக்கப்பட்டது, நோயாளி நலம்' என்று முடித்துவிடலாம், யாரும் தடுக்க முடியாது. தகவல், செயல், பலன் என்று மூன்று கட்டம் உள்ள ஃபோகஸ் சார்ட்டிங் எனக்குப் பிடிக்கும், காரணம் மூன்றாவது கட்டம் காலியாக இருந்தால் கண்ணை உறுத்தும். '9.00: வலி 10-க்கு 7, வலது முழங்கால். டிராமடால் 50 மில்லிகிராம் நரம்பில். 9.30: வலி 3, வாந்தி இல்லை, தூங்குகிறார், மூச்சு நிமிடத்துக்கு 16.' இவ்வளவு எழுத ஒரு நிமிடம் கூட ஆகாது. 3-க்குப் பதிலாக 6 என்று வந்தால் பலன் போதவில்லை என்று எழுதி, டாக்டரிடம் சொன்ன நேரத்தையும் எழுத வேண்டும். பலன் வரவில்லை என்று எழுதுவதைப் பலர் தங்கள் குறையாக நினைத்துத் தவிர்க்கிறார்கள். நோயாளிக்கு அடுத்த மருந்து சீக்கிரம் கிடைப்பதே அந்த வரியால்தான் என்று ஜூனியர்களுக்கு அடிக்கடி சொல்லுங்கள்.

என் தேர்வு இதுதான்: காலையும் மாலையும் நோயாளிகளைப் பிரித்து, ஜோடி போட்டு, மூன்று நாள் மாற்றாமல் வைப்பது. புதியவர்கள் பாதிக்கு மேல் இருந்தால் டீம், அதுவும் ஷிஃப்ட் நடுவில் நின்று பேசும் ஐந்து நிமிடத்தோடு. இரவுக்கு மேலே சொன்ன கலப்பு.

நர்சிங் சூப்பரின்டென்டன்ட் ஒரேயடியாக மாற்ற ஒத்துக்கொள்ள மாட்டார், அது இயல்புதான். 15 படுக்கையில் மட்டும் இரண்டு வாரம் நடத்திக் காட்டுகிறேன் என்று கேளுங்கள், மீதி 15 பழையபடியே இருக்கட்டும். எடுத்துக்காட்ட ஒரு கணக்குப் போதும்: இரு பக்கமும் கொடுத்த ஒவ்வொரு எஸ்ஓஎஸ் டோசுக்கும் ஒரு மணி நேரத்துக்குள் எழுதிய இரண்டாவது எண் இருக்கிறதா, இல்லையா. தினமும் கேஸ் ஷீட்டைப் புரட்டி நாமே எண்ணிவிடலாம், சாஃப்ட்வேர் எதுவும் வேண்டாம். பதினைந்தாம் நாள் அந்த இரண்டு எண்களையும் ஒரே தாளில் எழுதி, கூடவே இரு பக்கமும் புதிதாக வந்த படுக்கைப் புண்களையும் கேனுலா வீக்கத்தையும் குறித்து, மேட்ரன் ரவுண்ட்ஸ் வரும்போது கையில் கொடுங்கள்.